இருபது மரமும் ஒற்றைக் குடமும்

சேசு மரி சூசை துணை

ராசிபுரம்,
20 ஜூன் 1936

அன்பு மகன் தோமினிக்குக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, நான், மேரி மூவரும் சுகம், மாடும் சுகம், கூரை மட்டும் வடகிழக்கு மூலையில் சுகமில்லை. உன் போன கடிதத்தில் நீ சுகம் என்று ஒரு வரியும், உன் கம்பெனித் துரையின் நாய்க்குச் சுகமில்லை என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தாய். நாய் இதற்குள் தேறியிருக்கும் என்று நம்புகிறோம். அடுத்த முறை அளவைக் கொஞ்சம் மாற்றி எழுதவும். ரங்கூனில் மழை பிடித்திருக்கும், நனைந்த சட்டையோடு ஆபீசில் உட்காராதே, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். அங்கே ஏதோ மீனைப் பல நாள் ஊறவைத்துத் தின்கிறார்கள் என்றும் நீயும் அதைத் தொட்டுக்கொள்ளப் பழகிவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய், வயிறு உன்னுடையது, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, வாரம் ஒரு முறை விளக்கெண்ணெய் சாப்பிடு என்று மட்டும் சொல்கிறேன். இங்கே வெயில் இந்த வருஷம் மிகவும் கொடிது. அப்பாவை நாமகிரிப்பேட்டை ரோட்டுக்கே திரும்பவும் மேஸ்திரியாகப் போட்டிருக்கிறார்கள், சரளை கொட்டுவதைவிட ரோட்டோரத்துப் புளியங்கன்றுகளைச் சாகாமல் காப்பாற்றுவதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. பெற்ற பிள்ளைகளை இவ்வளவு தடவை போய்ப் பார்த்தாரா என்று கேட்டேன், பிள்ளைகள் தாகம் எடுத்தால் அழும், கன்று அழாது என்று பதில் சொன்னார்.

இனி முக்கியமான சமாசாரம். மேரி சேலம் கான்வென்டு டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேரப் பரீட்சை எழுதினாள் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். மே மாதக் கடைசியில் முடிவு வந்தது. தமிழில் முதலாவது, பூகோளத்தில் முதலாவது, வேதபாடத்தில் இரண்டாவது, முதலாவதாக வந்த பெண் ஒரு உபதேசியாரின் மகள் என்பதால் அதில் எங்களுக்கு வருத்தமில்லை. கணக்கில் தேறவில்லை. ஒரே ஒரு கணக்கு குறைந்தது, அந்த ஒன்றுக்கு மார்க்கு விழுந்திருந்தால் தேறியிருப்பாள். தேறாவிட்டால் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா தன் அக்காளுக்கு, அதாவது ஆத்தூர் அருளாயி அத்தைக்கு, வாக்குக் கொடுத்திருந்தார், புள்ள தேறுனா எம்பேச்சு, தேறலீன்னா உம்பேச்சு என்று. அத்தையின் பேச்சு என்பது அவர் மகன் சவரிமுத்து. ஆடி பிறக்குமுன் கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். நாம் ஞானஸ்நானம் பெற்று நாலு தலைமுறை ஆகிறது, ஆடி மாதம் மட்டும் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. சவரிமுத்து நல்ல பையன், நல்ல பையன் என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவனுடைய குற்றமல்ல. அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிறான். அந்தப் பழக்கத்தில் யாரைப் பார்த்தாலும் மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்து, எடையை மனதுக்குள் எழுதிக்கொண்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கிறான். ஈஸ்டருக்கு வந்தபோது மேரியையும் அப்படித்தான் பார்த்தான். அவள் அதை மறக்கவில்லை. முடிவு வந்த அன்று அத்தையும் வந்துவிட்டார், மேரி அடுப்பங்கரையில் இருந்தபோதே அவள் காதில் விழும்படி, பள்ளிக்கூடத்துக்கு நூறு வாத்தியாரம்மா கிடைப்பாங்க, எம்மவனுக்கு ஒருத்திதான் வேணும், அந்த ஒருத்தி வீட்டுக்குள்ளயே இருக்கிறா என்று சொன்னார். மேரி ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டிருந்தாள், அத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார், அவர் மனசு அப்படி நிறைந்திருந்தது.

தவறிப்போன அந்தக் கணக்கை உனக்கும் எழுதுகிறேன், நீயும் படித்தவன்தானே. ஒரு கிணற்றிலிருந்து நேராகச் செல்லும் சாலையின் ஓரத்தில் பத்து கஜத்துக்கு ஒன்றாக இருபது மரக்கன்றுகள் இருக்கின்றன. முதல் கன்று கிணற்றிலிருந்து பத்தாவது கஜத்தில் இருக்கிறது. ஒருவன் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கன்றுக்கு ஒரு குடம் வீதம் எல்லாக் கன்றுகளுக்கும் ஊற்றினால் அவன் நடந்த மொத்த தூரம் எவ்வளவு. இதுதான் கேள்வி. ஒரே அளவாக ஏறிக்கொண்டே போகும் எண்களைக் கூட்டும் கூட்டுத் தொடர் கணக்கு, உனக்கு நினைவிருக்கும். முதல் கன்றுக்குப் பத்து கஜம் போய்ப் பத்து கஜம் வந்தால் இருபது, இரண்டாவதற்கு நாற்பது, மூன்றாவதற்கு அறுபது, இப்படி இருபது இருபதாக ஏறி இருபதாவது கன்றுக்கு நானூறு. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், முதலாவதையும் கடைசியையும் சேர்த்து, எத்தனை கன்றோ அதில் பாதியால் பெருக்கினால் போதும், நானூற்று இருபதைப் பத்தால் பெருக்க நாலாயிரத்து இருநூறு. அதற்குமேல் ஊற்றக் கன்று இல்லையென்பதால் கடைசி மரத்திலிருந்து திரும்பி வரவேண்டியதில்லை, ஆகவே இருநூறு போக நாலாயிரம் கஜம். பரீட்சை வைத்தவர்கள் எதிர்பார்த்த விடை இது. உன் தங்கை எழுதிய விடை இரண்டாயிரத்து இருநூறு.

அவள் வழிமுறையில் ஒரு புள்ளிகூடத் தவறில்லை. ஆனால் ரோட்டு மேஸ்திரி வீட்டில் பிறந்தவள், நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஆட்களைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு ஆள் ஒற்றைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவதை அவள் கண்டதே இல்லை. தோளில் காவடித் தடி, தடியின் இரண்டு முனையிலும் உறி, உறிக்கு ஒரு குடம், இதுதான் அவளுக்குத் தெரிந்த தண்ணீர். ஆகவே கேள்வியைப் படித்த உடனே அந்த ஆளின் தோளில் ஒரு காவடியை எடுத்து வைத்துவிட்டாள். ஒரு நடைக்கு இரண்டு கன்று, போகிற வழியிலேயே முதல் கன்றுக்கு ஒரு குடம், இரண்டாவதற்கு ஒரு குடம், போக்குவரத்து நாற்பது கஜம். அடுத்த நடை எண்பது. இப்படிப் பத்தே நடையில் வேலை முடிந்தது, கடைசி நடை நானூறு, நாற்பதையும் நானூறையும் சேர்த்து ஐந்தால் பெருக்கி இரண்டாயிரத்து இருநூறு. காவடியைத் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பதால் கடைசி மரத்திலிருந்தும் ஆளைத் திரும்பி வரவைத்துவிட்டாள். விடைத்தாளில் காவடியைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதினாயா பெண்ணே என்று கேட்டேன். அந்த ஆளுக்குக் கால் இருந்ததுன்னு எழுதினேனாம்மா, அதுபோலத்தானே இதுவும் என்றாள். ஆசிரியையாக வரவேண்டியவள் இப்படிப் பேசினால் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், உன் அப்பாவோ அந்தக் கேள்வித்தாளை வாங்கிப் படித்துவிட்டு, புள்ள எழுதுனதுதான் சரி, பரீட்சை வெச்சவனுக்குத்தான் மார்க்கு கொறைக்கோணும் என்று கிளம்பிவிட்டார்.

நேராகக் கான்வென்டுக்குப் போயிருந்தால் பரவாயில்லை. அதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக் காளியண்ணன் கிணற்றடியில் அபிப்பிராயம் கேட்கப் போனார். காளியண்ணன் கேள்வியை முழுக்கக் கேட்டுவிட்டு, ஏனுங்க மேஸ்திரி, இந்தக் கோடையில அந்தக் கெணத்துல தண்ணி இருக்குதுன்னு எங்கீங்க எழுதியிருக்குது என்று கேட்டார். பிறகு, கெணத்தை ஒரு கோடியில வெச்சுப்போட்டு மரத்தையெல்லாம் ஒரே பக்கமா நட்டவன் எந்த ஊருக்காரன், கெணத்துக்கு அக்கட்ட பத்து இக்கட்ட பத்துன்னு நட்டிருந்தா ஆளுக்குப் பாதி நடை மிச்சம் என்று தன் பங்குக்கு ஒரு தொடரைப் போட்டுக் காட்டினார். அதுவும் சரிதான், ஆனால் மரம் ஏற்கெனவே நட்டாகிவிட்டது. அப்பாவின் ரோட்டில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் செல்லாயி அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்தாள், அவளைக் கேட்டதற்கு, எனக்கெதுக்குங்க காவடி, தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணு, ரெண்டு கொடமாச்சு, கடேசி மரத்துக்கு ஊத்திப்போட்டு அங்கயே குந்திக்குவேன், எம்பட ஊடு அங்கதானுங்க இருக்குது, கொடம் வேணும்னா மேஸ்திரி வந்து எடுத்துக்கிட்டும் என்றாள். அவள் கணக்குப்படி இரண்டாயிரம், அதாவது பரீட்சை வைத்தவர் விடையில் சரி பாதி. ஆக ஒரு கிணற்றடியில் ஒரு கேள்விக்குப் பல விடை கிடைத்தது, நாலாயிரம் என்று சொல்ல மட்டும் ஒருவரும் அகப்படவில்லை. இதை உன் அப்பா தனக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

தனியே போகவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் நானும் மேரியும் கூடப் புறப்பட்டோம். உன் அப்பா எந்த வழக்கு பேசப் போனாலும் பொருளைக் கையோடு கொண்டுபோகிறவர் அல்லவா, ஓவர்சியரிடம் சரளை மோசம் என்று சொல்லப் போனபோது ஒரு கூடை சரளையைச் சுமந்துகொண்டு போனவர். இந்த முறை காளியண்ணனிடம் காவடித் தடியையும் உறியையும் இரவல் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு என்று பார்த்து வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள். கோட்டும் தலைப்பாகையுமாக, கழுத்தில் மாதா சுரூபத்தோடு, தோளில் காவடியோடு உன் அப்பா பஸ் ஏறினார். பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் எந்தக் கோவிலுக்குங்க என்று பயபக்தியாகக் கேட்டார். கான்வென்டுக்குங்க என்றார் இவர். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தக் கோவிலானால் என்ன என்று தடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மல்லூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். மேரி, பரீட்சையில் தவறின துக்கத்தில் இருந்த பெண், அன்றுதான் முதல் முதலாகச் சிரித்தாள்.

கான்வென்டு மதர் பிரான்சு தேசத்தவர், தமிழைப் புதுச்சேரியில் கற்றுக்கொண்டவர், ஆகையால் நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். கேள்வித்தாள் தயார் செய்த அப்புசாமி வாத்தியாரையும் வரவழைத்திருந்தார். அப்புசாமி வாத்தியார் பலகாலமாகக் கணக்குக் கேள்வி தயார் செய்கிறவர், ஒரு பக்கம் நிரம்பி இன்னொரு பக்கம் ஒழுகும் தொட்டிகளைக் கட்டினவர், எதிரும் புதிருமாக ரெயில் விட்டவர். அவருடைய கணக்கில் வரும் ஆட்களுக்காக வாதாட அதுவரை யாரும் வந்ததில்லை. அவர் உன் அப்பாவையும் காவடியையும் பார்த்துவிட்டு மிகவும் பொறுமையாக, மேஸ்திரி, என் ஆளுக்குக் காவடி யார் கொடுத்தாங்க, நான் கொடுக்கலையே என்றார். கொடத்தை மட்டும் நீங்க குடுத்தீங்களாக்கும் என்றார் அப்பா. குடம் கேள்வியிலே இருக்குதுங்க என்றார் அவர். கவுறு இருக்குதுங்களா, கவுறில்லாமெ அவன் எப்படித் தண்ணி சேந்துனான் என்றார் அப்பா. வாத்தியார் தாளை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்தார். கயிறு இல்லைதான். பிறகு அப்பா, ரெண்டு கொடம் தூக்கத் தோளிருக்கறவன் ஒத்தைக் கொடத்தைத் தூக்கிட்டு நாலாயிரம் கெசம் நடப்பானுங்களா, அப்படி ஒரு ஆளை இந்த ஜில்லாவுல காட்டுங்க பாக்கலாம் என்று கேட்டார். வாத்தியார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே கான்வென்டுத் தோட்டக்காரர் மாதையன் ஒரே ஒரு குடத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல, சுவரோரத்து வேப்பங்கன்றுக்குப் போய் ஊற்றினார். திரும்பி வந்தார். மறுபடி ஒரு குடம் சேந்தி எடுத்துக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போனார். உன் அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அந்த ஆளுக்கு ஆரும் சொல்லித்தரலீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுக் காவடியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அறையில் காரியம் நடக்க ஆரம்பித்தது.

மதர் மேரியைக் கூப்பிட்டு, ஒரே குடம்தான் என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டார். நாலாயிரத்து இருநூறுங்க மதர், குடத்தை அங்கேயே விட்டுட்டா நாலாயிரம் என்று இவள் உடனே சொல்லிவிட்டாள். மூன்று குடமென்றால் என்று வாத்தியார் கேட்டார். இவள் மேலே பார்த்துக்கொண்டு விரலை மடக்கினாள், மூணு மூணா ஆறு நடை ஒழுங்காப் போகுமுங்க, அறுபதுல ஆரம்பிச்சு முந்நூத்தி அறுபதுல முடியும், அது ஆயிரத்து இருநூத்தி அறுபது, ஏழாவது நடையில ரெண்டு கன்னுதான் மிச்சமிருக்குது, அது தொடர்ல சேராது, நானூறைத் தனியாத்தான் கூட்டோணும், ஆக ஆயிரத்து அறுநூத்தி அறுபது என்றாள். வாத்தியார் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அவர் நேர்மையான மனிதர், தோமினிக், அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் புள்ளைக்குக் கணக்கு தெரியும்ங்க மதர், ஆனா மார்க்கு எழுதினதுக்குத்தான், தெரிஞ்சதுக்கு இல்லை, இன்னொரு புள்ளை மழை பெய்யும், ஊத்த வேண்டியதில்லைன்னு எழுதியிருக்குது, அதுக்கும் போடறதா என்று கேட்டார். அந்தப் பெண்ணும் மழையை நம்பி வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். மேரி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கை மட்டும் என் முந்தானை நுனியைப் பிடித்திருந்தது, சின்னப் பிள்ளையில் பிடித்தாற்போல. மதர் கொஞ்சம் யோசித்தார். நாளைக்கு இவள் வகுப்பில் நின்று கேள்வி கேட்க வேண்டியவள் அல்லவா, அவளே இதே மாதிரிக் கணக்கு ஒன்றை எழுதட்டும், அதற்கு இரண்டாவது விடை ஒன்றை வாத்தியார் கண்டுபிடித்துவிட்டால் அவள் வீட்டுக்குப் போகலாம், கண்டுபிடிக்க முடியாவிட்டால் தேறினாள் என்று வைத்துக்கொள்வோம் என்றார். வாத்தியார் உடனே சம்மதித்தார். அன்று காலையில் தன்னுடைய கேள்விக்கே அத்தனை விடை உண்டு என்று கண்டவர், ஒரு பெண்பிள்ளை கேள்வியில் ஓட்டை கண்டுபிடிப்பது பெரிய காரியமா என்று நினைத்திருப்பார்.

மேரி எழுதி முடிக்கும்வரை நான் மனதுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன், எந்த மணியில் இருக்கிறேன் என்பது பல முறை தவறிப்போயிற்று. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன். மாதையன் என்பவர் ஒருவர் மட்டும் வேலை செய்கிறார், துணைக்கு யாரும் வரமாட்டார்கள். அவரிடம் ஒரே குடம் இருக்கிறது, காவடி இல்லை, தலையிலும் இடுப்பிலும் வேறு குடம் வைத்துக்கொள்ளமாட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கயிறும் இருக்கிறது. கிணறு வரிசையின் ஒரு கோடியில் இருக்கிறது, அதை ஏன் நடுவில் வெட்டவில்லை என்பதை வெட்டினவர்களிடம் கேட்டுக்கொள்ளவும். கிணற்றிலிருந்து எட்டாவது கஜத்தில் முதல் கன்று, அப்புறம் எட்டு கஜத்துக்கு ஒன்றாக அதே நேர்கோட்டில் மொத்தம் பதினைந்து கன்றுகள், எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மழை பெய்யவில்லை. மாதையன் கன்றுக்கு ஒரு முழுக்குடம் வீதம், வழியில் சிந்தாமல், நடுவில் சோற்றுக்குப் போகாமல், ஒவ்வொரு முறையும் கிணற்றடிக்கு வந்து, எல்லாவற்றுக்கும் ஊற்றிவிட்டு, குடம் இரவல் குடமானபடியால் கடைசியாக அதையும் கிணற்றடியில் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்கிறார். கிணற்றடியிலிருந்து புறப்பட்டது முதல் திரும்ப வந்து நின்றது வரையில் அவர் நடந்த தூரம் எத்தனை கஜம். இவ்வளவுதான். அப்புசாமி வாத்தியார் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு வாக்கியத்திலும் பென்சில் கீழே இறங்கும், அடுத்த வாக்கியத்தைப் படித்ததும் மேலே போய்விடும். கடைசிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். சிந்தாமன்னு எதுக்குச் சாமி எழுதினே என்று கேட்டார். சிந்திட்டா குடம் முழுசா இருக்காதுங்களே, மறுபடி ஒரு நடை போவோணும், அப்ப தொடர் கெட்டுப்போகுமுங்க என்றாள். வாத்தியார் மதரைப் பார்த்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, வேற விடை எனக்குத் தோணலைங்க என்றார். அதோடு அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். இனிமேல் இந்த ஜில்லாவில் கணக்குக் கேள்வியெல்லாம் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் வந்தால் அதற்கு உன் தங்கைதான் பொறுப்பு, பிள்ளைகள் சபிக்காமல் இருக்க வேண்டும்.

வெளியே வந்து பார்த்தால் அப்பா கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, மாதையன் தோளில் காவடியை வைத்து எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். தேறிவிட்டாள் என்று நான் சொன்னதும், அதுதான் நான் அப்பவே சொன்னனே என்றார். மேரி தன் கணக்கை வீட்டில் மறுபடி எழுதிக் காட்டினபோது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. முழுவதையும் படித்துவிட்டு, இந்த மாதையனை எம்பட ரோட்டுல ஒரு நாளைக்கு வெச்சுக்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் போன வாரம் கான்வென்டிலிருந்து சேர்க்கைக் காகிதம் வந்ததும், அதை எடுத்துக்கொண்டு தானே ஆத்தூருக்குப் போனார். அக்காளிடம் என்ன சொன்னார், அக்காள் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை, வரும்போது ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார், ஆகவே சண்டையாக முடியவில்லை என்று தெரிகிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை பூசையில் கலியாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசிப்பதாக இருந்தது, இனி அந்தப் பேச்சில்லை. சவரிமுத்து வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறானாம், எடை திருப்தியாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், இந்த வீட்டில் யாருக்கும் அவன்மேல் கோபம் இல்லை.

மேரி ஜூலை முதல் தேதி போகிறாள். இரண்டு புடவைக்கு ஓரம் அடித்தாகிவிட்டது, பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும். நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, கான்வென்டு விலாசத்துக்கே போடு. அங்கே கடிதங்களை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பார்களாம், ஆகவே பிழையில்லாமல் எழுது, மீன் சமாசாரம் வேண்டாம். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, கூட இருக்கிற பையன்கள் கூப்பிட்டார்கள் என்று யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே, போன கடிதத்தில் கேட்ட உன் போட்டோவை இந்தக் கப்பலிலாவது அனுப்பு, பல் தெரியச் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, இளைத்திருக்கிறாயா என்று பார்க்க வேண்டும். உனக்கு இத்தனை நாள் கடிதம் எழுதுவது என் வேலையாக இருந்தது, அப்பா கடைசியில் கையெழுத்துப் போடுவதோடு சரி. மகளுக்கு மட்டும் தானே எழுதப்போவதாகச் சொல்கிறார். இன்று காலையிலேயே ஒரு தாளை எடுத்து அன்புள்ள மகளுக்கு என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார், அதுக்கு மேல என்ன புள்ள எழுதறது என்று என்னைக் கேட்டார். சுகமா இருக்கிறாயா என்று கேளுங்கள் என்றேன். அவர் தாளைப் பார்த்தார், அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, மேரி, சொகந்தானா சாமி என்று கேட்டார். சொகமாத்தான் இருக்கறனுங்கப்பா, ஏனுங்க என்று அவள் உள்ளேயிருந்து கேட்டாள். ஒண்ணுமில்லே என்று சொல்லிவிட்டு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். முதல் தேதிக்கு அப்புறம் எடுப்பார் என்று நினைக்கிறேன்.

தேவமாதா உன்னைக் கடலுக்கு அந்தப் பக்கமும் கைவிடாமல் காக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் மேரியின் முத்தமும் இதனோடு சேர்த்து வருகின்றன. போட்டோவை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நலனையே வேண்டியிருக்கும் அம்மா,
லா. செல்வமேரி